176: ரஹோய் ஆட்சியை வைத்து ஸ்பெயின் அரசியலைப் புரிந்துகொள்வோம்

2018 மே 31. மாட்ரிட் நாடாளுமன்றத்தில் பிரதமர் மரியானோ ரஹோய் மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம். காலையில் வந்து பேசிவிட்டுப் போனவர் மதியத்துக்கு மேல் அவைக்குத் திரும்பவில்லை. அவருடைய நீல நிற இருக்கையில் துணைப் பிரதமர் சொராயா சாயென்ஸ் தே சாந்தமரியாவின் கைப்பை இருந்தது. ரஹோய் பக்கத்தில் ஓர் உணவகத்தில் நெருங்கிய சகாக்களோடு உட்கார்ந்திருந்தார். அங்கிருந்து கிளம்ப இரவாகிவிட்டது. மறுநாள் அவர் பிரதமர் இல்லை.

இடையில் தேர்தல் எதுவும் நடக்கவில்லை. அவர் ராஜினாமா செய்யவும் இல்லை. ஒன்பது நாள் முன்புதான் அதே அவையில் பட்ஜெட்டை நிறைவேற்றி, ஆட்சி இன்னும் இரண்டு வருடம் ஓடும் என்று எல்லோரையும் நம்ப வைத்திருந்தார். எப்படி இப்படி ஆயிற்று என்று பிடிபட்டுவிட்டால் இன்றைய ஸ்பெயின் அரசியலில் பாதி பிடிபட்டுவிடும். மீதிப் பாதி 176 என்ற எண்.

முதலில் வீட்டின் அமைப்பு. ஸ்பெயின் ஒரு முடியாட்சி. ஆனால் ஆள்வது நாடாளுமன்றம். சர்வாதிகாரி ஃபிராங்கோ 1975 நவம்பரில் இறந்தார். மூன்றே வருடத்தில், 1978இல், மக்கள் வாக்கெடுப்போடு புதிய அரசியல் சட்டம் வந்தது. கீழவையில் 350 இடங்கள். அதில் பாதிக்கு மேல் வேண்டுமென்றால் 176. மேலவையாக செனட் உண்டு, அதற்குப் பல் குறைவு. ஒரே ஒரு விஷயத்தில் அது பெரிய ஆள், அதை வடகிழக்கு மாநிலமான கட்டலோனியாவின் கதை வரும்போது பார்ப்போம். ஸ்பெயின் செய்திகளில் 'பிரெசிதெந்தே' என்று வந்தால் குடியரசுத் தலைவர் என்று குழம்ப வேண்டாம். நாம் பிரதமர் என்று சொல்பவரைத்தான் அவர்கள் அரசாங்கத் தலைவர் என்கிறார்கள்.

ரஹோயின் கட்சி மக்கள் கட்சி, 'பார்திதோ பொபுலார்'. ஃபிராங்கோவிடம் அமைச்சராக இருந்த மனுவேல் ஃபிராகா 1976இல் தொடங்கிய கூட்டணியிலிருந்து வளர்ந்து, 1989இல் இப்போதைய பெயருக்கு மாறியது. மற்ற பல ஐரோப்பிய நாடுகளில் வலதுசாரிகள் இரண்டு மூன்று கட்சிகளாகப் பிரிந்திருப்பார்கள். ஸ்பெயினில் மட்டும் கத்தோலிக்கப் பழமைவாதி, சந்தைப் பொருளாதாரம் பேசும் தாராளவாதி, ஃபிராங்கோ காலத்தை ஏக்கத்தோடு நினைப்பவர், ஸ்பெயினின் ஒற்றுமையே எல்லாவற்றுக்கும் மேல் என்பவர் என எல்லோரும் ரொம்பக் காலம் இந்த ஒரே கூரையின் கீழ் இருந்தார்கள். இந்தக் கட்சிக்கு முதலில் ஆட்சி கிடைத்தது ஹோசே மரியா அஸ்னார் காலத்தில், 1996இலிருந்து 2004 வரை. அஸ்னார் கைகாட்டிய வாரிசுதான் ரஹோய். வடமேற்கு மூலையிலுள்ள கலீசியாக்காரர், தொழிலால் சொத்துப் பதிவாளர், அவசரப்படாத மனிதர். 2004இல் தோற்றார், 2008இல் தோற்றார், மூன்றாவது முறையாக 2011 நவம்பர் 20 அன்று ஜெயித்தார். 186 இடம். சோசலிஸ்ட் கட்சிக்கு 110.

இந்த வெற்றியைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்க வேண்டும், ஏனென்றால் பின்னால் நடந்ததற்கெல்லாம் விதை இங்கே இருக்கிறது. 2008இல் தோற்றபோது ரஹோய் கட்சி வாங்கியது சுமார் 1 கோடியே 3 லட்சம் ஓட்டு. 2011இல் அமோகமாக ஜெயித்தபோது வாங்கியது சுமார் 1 கோடியே 9 லட்சம். கூடுதலாகக் கிடைத்தது 6 லட்சம்தான். அதே மூன்று வருடத்தில் சோசலிஸ்ட் கட்சி 40 லட்சத்துக்கும் மேல் ஓட்டை இழந்தது. மக்கள் ரஹோயிடம் ஓடி வந்தார்கள் என்பதைவிட, சபாதேரோ தலைமையிலான சோசலிஸ்ட் அரசைக் கைவிட்டார்கள் என்பதுதான் சரி. பொருளாதாரச் சரிவு வந்தபோது அந்த அரசே சம்பளம் வெட்டியது, ஓய்வூதியத்தை உறைய வைத்தது; அதன் சொந்த ஆட்களே வீட்டில் உட்கார்ந்துவிட்டார்கள்.

44.6 சதவீத ஓட்டு எப்படி 53 சதவீத இடமானது? தொகுதி முறை அப்படி. ஒவ்வொரு மாகாணமும் ஒரு தொகுதி. மாட்ரிட்டுக்கு அப்போது 36 இடம், சோரியா மாதிரி ஆள் குறைந்த மாகாணத்துக்கு 2. அங்கங்கே விழுந்த ஓட்டுக்கு ஏற்பத்தான் இடம் பிரிப்பார்கள், ஆனால் 2, 3, 4 இடம் மட்டும் இருக்கும் மாகாணத்தில் மூன்றாவதாக வரும் கட்சிக்குப் பெரும்பாலும் ஒன்றும் மிஞ்சாது. நாடு முழுக்கப் பரவிய பெரிய கட்சிக்கு இதில் லாபம். ஒரே பகுதியில் குவிந்திருக்கும் கட்டலோனிய, பாஸ்க் கட்சிகளுக்கும் அடி விழாது. நாடெங்கும் மெலிசாகப் பரவிய நடுத்தரக் கட்சிதான் மாட்டிக்கொள்ளும்.

சரி, 186 இடத்தை வைத்துக்கொண்டு என்ன செய்தார்?

ரஹோய் பதவிக்கு வந்தபோது ஐந்தில் ஒருவருக்கும் மேல் வேலையில்லை. 2013 தொடக்கத்தில் வேலையின்மை ஏறக்குறைய 27 சதவீதத்தைத் தொட்டது. 60 லட்சம் பேருக்கு மேல். 25 வயதுக்குக் கீழே வேலை தேடியவர்களில் பாதிப் பேருக்கு மேல் வெறுங்கையோடு நின்றார்கள். படித்த பிள்ளைகள் ஜெர்மனிக்கும் பிரிட்டனுக்கும் பெட்டி கட்டினார்கள்.

வரியைக் குறைப்போம் என்று பேசிவந்த கட்சி, ஆட்சிக்கு வந்த சில நாட்களிலேயே வருமான வரியை ஏற்றியது. 2012 செப்டம்பரில் மதிப்புக்கூட்டு வரி 18இலிருந்து 21 சதவீதமானது. அந்த வருடம் அரசு ஊழியர்களுக்கு கிறிஸ்துமஸ் கூடுதல் சம்பளம் இல்லை. 2012 பிப்ரவரியில் தொழிலாளர் சட்டத்தை மாற்றினார்கள். நியாயமில்லாமல் வேலையைவிட்டு நீக்கினால் வேலை பார்த்த ஒவ்வொரு வருடத்துக்கும் 45 நாள் சம்பளம் தர வேண்டும் என்றிருந்தது 33 நாள் ஆனது. அந்த ஒரே வருடத்தில் இரண்டு பொது வேலைநிறுத்தம்.

கோபத்தை மூட்டியது இந்த வெட்டுகள் மட்டுமல்ல. ஒரு பக்கம் வங்கிகள், இன்னொரு பக்கம் வீடுகள். இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தவர்களுக்குத்தான் வயிறு எரிந்தது. பல சேமிப்பு வங்கிகளை ஒன்றாக்கி உண்டாக்கிய பாங்கியா வங்கி 2012 மே மாதம் அரசு கைக்கு வந்தது, 1,900 கோடி யூரோ கேட்டது. அதன் தலைவராக இருந்தவர் ரொட்ரிகோ ராட்டோ: அஸ்னார் அரசில் பொருளாதார அமைச்சர், அப்புறம் சர்வதேச நாணய நிதியத்தின் தலைவர். வங்கித் துறையைக் காப்பாற்ற ஐரோப்பா 10,000 கோடி யூரோ வரை தரத் தயார் என்றது. ஸ்பெயின் எடுத்தது சுமார் 4,100 கோடி. அதே காலத்தில் வீட்டுக்கடன் கட்ட முடியாத குடும்பங்களை நீதிமன்ற ஆட்களும் போலீஸும் வந்து வெளியேற்றிக்கொண்டிருந்தார்கள். ஸ்பெயின் சட்டத்தில் இன்னொரு கொடுமை உண்டு. வீட்டைப் பறிகொடுத்தாலும் கடன் தீராது. ஏலத்தில் வீடு போன விலைக்கும் கடனுக்கும் உள்ள வித்தியாசம் உங்கள் தலையில்தான். வீடும் இல்லாமல், கடனும் விடாமல் ஒரு குடும்பம் தெருவில் நிற்பதை எந்தப் பொருளாதாரக் காரணத்தைச் சொல்லியும் என்னால் ஏற்க முடியவில்லை. அந்தச் சட்டம் கடனாளிக்குப் போதிய பாதுகாப்பு தரவில்லை என்று 2013 மார்ச்சில் ஐரோப்பிய நீதிமன்றமே சொன்னது. வெளியேற்றத்தைத் தடுக்க வாசலில் போய் உட்கார்ந்த இயக்கத்தின் முகமாக இருந்த அடா கொலாவ் 2015இல் பார்சிலோனா மேயர் ஆனார்.

பழமைவாத அரசு என்றால் சமூக விஷயங்களில் எல்லாவற்றையும் பின்னுக்கு இழுத்திருக்கும் என்று நினைக்கத் தோன்றும். அப்படி நடக்கவில்லை, இந்த ஆட்சியில் எனக்கு ஆர்வமான இடமே அதுதான். ஒரே பாலினத்தவர் திருமணத்தை 2005இல் சோசலிஸ்ட் அரசு சட்டமாக்கியபோது ரஹோய் கட்சி அரசியல் சட்ட நீதிமன்றத்துக்குப் போனது. 2012இல் நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. ஆட்சியில் இருந்த ரஹோய் அதைத் தொடவில்லை. கருக்கலைப்பைக் கடுமையாகக் கட்டுப்படுத்த நீதி அமைச்சர் கலியார்டோன் ஒரு மசோதா கொண்டுவந்தார். பெண்கள் ரயில் ரயிலாக மாட்ரிட்டுக்கு வந்து இறங்கினார்கள். கட்சிக்குள்ளேயே முணுமுணுப்பு. 2014 செப்டம்பரில் ரஹோய் மசோதாவைக் கைவிட்டார், அமைச்சர் பதவி விலகினார். 186 இடம் கையில் இருந்தும் தெரு அவரைத் திரும்பிப் பார்க்க வைத்தது. ஆனால் அந்தத் தெருவையே அடக்க இன்னொரு சட்டம் வந்தது: 2015 ஜூலையிலிருந்து நடப்பில் இருக்கும் குடிமக்கள் பாதுகாப்புச் சட்டம். போராட்டம் தொடர்பான பல செயல்களுக்கு நீதிமன்றம் போகாமலே அபராதம், மிகக் கடுமையானவற்றுக்கு 6 லட்சம் யூரோ வரை. மக்கள் அதை 'வாய்ப்பூட்டுச் சட்டம்' என்றார்கள். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

நியாயமாக இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். 2014இலிருந்து பொருளாதாரம் வளர்ந்தது. 2018 வாக்கில் வேலையின்மை 17 சதவீதத்துக்குக் கீழே இறங்கியது. தொழிலாளர் சட்ட மாற்றம்தான் காரணம் என்பார் ரஹோய் ஆதரவாளர். கிடைத்த வேலைகளில் எத்தனையோ சில வாரத்து ஒப்பந்த வேலைகள்தானே என்பார் எதிர்ப்பாளர். இரண்டிலும் உண்மை இருக்கிறது.

இனி 176க்கு வருவோம். 2011 மே 15 அன்று மாட்ரிட்டின் புவெர்தா டெல் சோல் சதுக்கத்தில் தொடங்கிய போராட்டம் 'எங்களுக்காகப் பேச யாரும் இல்லை' என்ற உணர்வைப் பரப்பியிருந்தது. அதன் சூட்டில் 2014இல் இடதுபக்கம் போடெமோஸ் கட்சி வந்தது. கட்டலோனியாவில் மட்டும் இருந்த சியுடடானோஸ் நடுவிலிருந்து வலதுபக்கம் நாடெங்கும் விரிந்தது. 2015 டிசம்பர் தேர்தலில் ரஹோய் கட்சி முதலிடம்தான், ஆனால் 186 இடம் 123 ஆகச் சுருங்கிவிட்டது. சோசலிஸ்ட் 90, போடெமோஸும் தோழமைகளும் 69, சியுடடானோஸ் 40. இரண்டு கட்சி மாறி மாறி ஆண்ட நாட்டில் முதல் முறையாக யாராலும் ஆட்சி அமைக்க முடியவில்லை.

இங்கே ஒரு விதியைத் தெரிந்துகொள்ளுங்கள். ஸ்பெயினில் பிரதமராக வருபவர் முதலில் அவையில் ஓட்டு வாங்க வேண்டும். முதல் சுற்றில் 176 தேவை. கிடைக்காவிட்டால் 48 மணி நேரம் கழித்து இரண்டாம் சுற்று. அதில் 'வேண்டாம்' என்பதைவிட 'சரி' என்பது ஓர் ஓட்டு கூடினால் போதும். ஆக, ஒதுங்கி நிற்பவரும் ஒருவகையில் ஓட்டுப் போடுகிறார். முதல் வாக்கெடுப்பிலிருந்து இரண்டு மாதத்துக்குள் யாரும் தேறாவிட்டால் மறுபடி தேர்தல். 2016இல் அதுதான் நடந்தது. சோசலிஸ்ட் தலைவர் பெட்ரோ சான்செஸ் முயன்று தோற்றார். ஜூனில் மறுதேர்தல். ரஹோய்க்கு 137. 40இலிருந்து 32 ஆகக் குறைந்த சியுடடானோஸும் கானரித் தீவுக் கட்சியின் ஓர் உறுப்பினரும் சேர்ந்தும் 170 ஓட்டுதான், எதிராக 180. மீண்டும் முட்டுக்கட்டை.

மூன்றாவது தேர்தல் வந்துவிடுமோ என்று நாடு அஞ்சிய நேரத்தில் உடைந்தது சோசலிஸ்ட் கட்சி. 'முடியாது என்றால் முடியாதுதான்' என்று ரஹோயை ஆதரிக்க மறுத்த சான்செஸை அக்டோபர் 1 அன்று அவர் கட்சியே தலைமையிலிருந்து இறக்கியது. அந்த மாதம் 29ஆம் தேதி சோசலிஸ்ட் உறுப்பினர்கள் பெரும்பாலோர் ஒதுங்கிக்கொண்டார்கள்: ஆதரவு 170, எதிர்ப்பு 111, நடுநிலை 68. பத்து மாதம் இடைக்காலப் பிரதமராக இருந்த ரஹோய் மறுபடி முழுப் பிரதமர். சான்செஸ் தன் எம்.பி. பதவியையே விட்டுவிட்டு ஊர் ஊராகப் போய்க் கட்சித் தொண்டர்களைச் சந்தித்தார். 2017 மே மாதம் அவர்களுடைய ஓட்டிலேயே தலைமைக்குத் திரும்பினார்.

137 இடத்தோடு ஆளும் அரசை ஏன் உடனே கவிழ்க்கவில்லை? கவிழ்ப்பது கஷ்டம். ஸ்பெயினின் நம்பிக்கையில்லாத் தீர்மானம் 'இவர் வேண்டாம்' என்பதோடு முடியாது. 'இவருக்குப் பதில் இன்னார்' என்று தீர்மானத்திலேயே ஒரு பெயர் இருக்க வேண்டும். பத்தில் ஒரு பங்கு உறுப்பினர், அதாவது 35 பேர், கையெழுத்துப் போட வேண்டும். தாக்கல் செய்து ஐந்து நாள் ஆகாமல் வாக்கெடுப்பு கூடாது. ஜெயிக்க 176 வேண்டும். இங்கே ஒதுங்கி நிற்பவரால் உதவி இல்லை. ஜெயித்தால் அந்தப் பெயருக்குரியவர் அப்போதே புதிய பிரதமர்.

இந்த ஏற்பாடு ஜெர்மனியிலிருந்து வந்தது. இரண்டு உலகப் போருக்கும் நடுவே வைமார் குடியரசில், ஒன்றுக்கொன்று ஆகாத தீவிரக் கட்சிகள் அரசைக் கவிழ்க்க மட்டும் கைகோத்தன. அடுத்து யார் என்பதில் அவற்றால் சேர முடியவில்லை. அந்தக் குடியரசின் முடிவு ஹிட்லர். அதனால் 1949இல் மேற்கு ஜெர்மனி இந்த விதியை எழுதிக்கொண்டது. ஃபிராங்கோவுக்குப் பிறகு தட்டுத்தடுமாறி நின்ற ஸ்பெயினும் 1978இல் அதை எடுத்துக்கொண்டது. அடிக்கடி அரசு கவிழ்ந்தால் மறுபடி ராணுவம் வந்துவிடுமோ என்ற பயம் அப்போது கற்பனை இல்லை. 1981 பிப்ரவரியில் துப்பாக்கியோடு ஆட்கள் அதே கீழவைக்குள் நுழைந்தார்கள். 1980, 1987, 2017 என மூன்று முறை தீர்மானம் வந்தது. மூன்றும் தோற்றன. 2017இல் ரஹோய்க்கு எதிராகக் கொண்டுவந்தது போடெமோஸ்; கிடைத்தது 82 ஓட்டு.

ரஹோய்க்கு இது கோட்டைச் சுவர். தன்னை வெறுப்பவர்கள் 176க்கு மேல் இருக்கலாம், ஆனால் கட்டலோனியப் பிரிவினைவாதியும் ஸ்பெயின் சோசலிஸ்ட்டும் ஒரே ஆளுக்குக் கை தூக்குவார்களா? 2017 அக்டோபருக்குப் பிறகு அது இன்னும் நடக்காத காரியமாகத் தெரிந்தது. அக்டோபர் 1 அன்று கட்டலோனிய அரசு, நீதிமன்றத் தடையை மீறித் தனிநாட்டு வாக்கெடுப்பு நடத்தியது. வாக்குச்சாவடிகளில் போலீஸ் தடியடி நடத்திய படங்கள் உலகமெங்கும் போயின. 27ஆம் தேதி கட்டலோனிய நாடாளுமன்றம் தனிநாடு என்று அறிவித்தது. அதே நாளில் செனட் தனக்குள்ள அந்த ஒரு பெரிய அதிகாரத்தைப் பயன்படுத்தியது: அரசியல் சட்டத்தின் 155ஆம் பிரிவின்படி கட்டலோனிய அரசைக் கலைக்க ரஹோய்க்கு அனுமதி தந்தது. முதல்வர் கார்லெஸ் புஜ்டமோன் பெல்ஜியம் போனார். சான்செஸின் கட்சி 155ஐ ஆதரித்தது. பிறகு எப்படி அவருக்குக் கட்டலோனிய ஓட்டு விழும்?

விழுந்தது. விழ வைத்தது ஒரு தீர்ப்பு.

குர்டெல் வழக்கு என்று அதற்குப் பெயர். தொழிலதிபர் பிரான்சிஸ்கோ கொரெயாவின் குடும்பப் பெயருக்கு ஸ்பானிஷில் 'பெல்ட்' என்று பொருள். விசாரித்தவர்கள் அதையே ஜெர்மன் மொழியில் மாற்றி 'குர்டெல்' என்று ரகசியப் பெயர் வைத்தார்கள். மக்கள் கட்சி ஆண்ட நகராட்சிகளும் மாநில அரசுகளும் கொரெயாவின் நிறுவனங்களுக்கு ஒப்பந்தம் தந்தன. பதிலுக்குப் பணம், பயணம், பரிசுகள். 2013 ஜனவரியில் கட்சியின் முன்னாள் பொருளாளர் லூயிஸ் பார்சேனாஸ் கையால் எழுதிய ரகசியக் கணக்குகள் பத்திரிகையில் வந்தன. சிறைக்குப் போவதற்கு முன் அவருக்கு ரஹோய் 'தைரியமாக இரு' என்று அனுப்பிய குறுஞ்செய்தியும் வெளியானது. 2017 ஜூலையில் ரஹோய் சாட்சியாக நீதிமன்றம் ஏறினார். பதவியில் இருக்கும் ஸ்பெயின் பிரதமர் ஒருவர் அப்படி ஏறியது அதுவே முதல் முறை. அவர் மீது குற்றச்சாட்டு கிடையாது.

2018 மே 23: பட்ஜெட்டுக்குக் கீழவை ஒப்புதல் தந்தது. பாஸ்க் தேசியக் கட்சியின் 5 ஓட்டு அதற்குக் கைகொடுத்தது. மே 24: தீர்ப்பு. கொரெயாவுக்கு 51 வருடம், பார்சேனாஸுக்கு 33 வருடம். முறைகேட்டில் பயனடைந்ததற்காகக் கட்சிக்கே சுமார் 2,45,000 யூரோ. தொகை சின்னதுதான். ஆனால் ஆளும் கட்சியின் பெயர் தீர்ப்பில் இருந்தது. பிரதமரின் சாட்சியம் நம்பும்படி இல்லை என்ற வரியும் இருந்தது. (2020இல் உச்ச நீதிமன்றம் தண்டனைகளைப் பெரும்பாலும் உறுதி செய்தாலும், கட்சியைப் பற்றிக் கீழ் நீதிமன்றம் எழுதிய சில வரிகள் அளவு மீறியவை என்றது.) மே 25: சான்செஸ் பெயரோடு தீர்மானம் தாக்கல். தீர்மானம் நிலுவையில் இருக்கும்போது பிரதமர் அவையைக் கலைக்க முடியாது, அதனால் தேர்தலுக்கு ஓடும் வழி மூடிவிட்டது.

எல்லாக் கண்ணும் அந்த 5 பாஸ்க் ஓட்டு மீது. ரஹோயிடம் வாங்கிய பட்ஜெட் சலுகைகள் போய்விடுமோ என்பது அவர்கள் கவலை. அந்த பட்ஜெட்டை அப்படியே நடத்துவேன் என்றார் சான்செஸ். மே 31 மதியம் பாஸ்க் கட்சி அவர் பக்கம் வந்தது. ரஹோய் உணவகத்திலிருந்து திரும்பாத மதியம் அதுதான். அவர் ராஜினாமா செய்திருந்தால் தீர்மானம் செல்லாமல் போய், மன்னர் புதிதாக ஆலோசனை தொடங்கியிருப்பார். கட்சிக்கு இன்னொரு வாய்ப்பு மிஞ்சியிருக்கலாம். அவர் செய்யவில்லை. ஜூன் 1: ஆதரவு 180, எதிர்ப்பு 169, நடுநிலை 1. சான்செஸின் கட்சிக்கு அப்போது கீழவையில் 84 பேர்தான். 1978க்குப் பிறகு ஸ்பெயினில் இந்த வழியில் மாறிய அரசு இன்றுவரை அது ஒன்றுதான். 2020இலும் 2023இலும் சான்செஸுக்கு எதிராக வந்த இரண்டு தீர்மானமும் தோற்றன.

ரஹோய் சில நாளில் கட்சித் தலைமையை விடுவதாக அறிவித்தார். அந்த மாதமே அலிகாந்தே அருகே சாந்தா போலாவில் பழைய சொத்துப் பதிவாளர் வேலைக்குத் திரும்பினார். அவர் விட்டுப்போன கூரை பிய்ந்தது. 2019 ஏப்ரல் தேர்தலில் மக்கள் கட்சிக்கு 66 இடம், சியுடடானோஸுக்கு 57, தீவிர வலதுசாரி வோக்ஸ் கட்சிக்கு 24.

பிறகு கட்சி மெல்ல எழுந்தது. 2023 ஜூலையில் அல்பெர்டோ நூனியெஸ் ஃபெய்ஹோ தலைமையில் முதலிடம் பிடித்தபோது கிடைத்தது சரியாக 137 இடம், 2016இல் ரஹோய்க்குக் கிடைத்த அதே எண். வோக்ஸும் இரண்டு சிறு கட்சிகளும் சேர்ந்தும் 172தான் தேறியது. பாஸ்க் கட்சியும் கட்டலோனியக் கட்சிகளும் வோக்ஸ் நிற்கும் பக்கம் வர மறுத்தன. இந்த முறை ஒதுங்கி நின்று வழிவிட சோசலிஸ்ட்டுகளும் இல்லை. ஃபெய்ஹோ இரண்டு சுற்றிலும் தோற்றார். நவம்பரில் 179 ஓட்டோடு சான்செஸே மறுபடி பிரதமர் ஆனார்.